‘தே வேர் எக்ஸ்பெண்டபிள்’ (1945): போனவர்களின் படமா, விடப்பட்டவர்களின் படமா?

நெய்தல்வாசகன்:

ஜான் ஃபோர்டு இயக்கி, எம்.ஜி.எம். நிறுவனம் 1945 டிசம்பரில் வெளியிட்ட ‘தே வேர் எக்ஸ்பெண்டபிள்’ (‘அவர்கள் கைவிடத் தக்கவர்கள்’) படத்தைப் பற்றி ஒரு கருத்தை முன்வைத்து இந்த இழையைத் தொடங்குகிறேன். பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1941 டிசம்பரில் ஜப்பான் பிலிப்பைன்ஸைத் தாக்கியபோது அங்கே அமெரிக்கக் கடற்படையிடம் ஆறே ஆறு டார்பிடோ விசைப்படகுகள் இருந்தன. மறு ஆண்டு ஏப்ரல் நடுப்பகுதிக்குள் ஆறும் அழிந்தன. அந்த நான்கு மாதங்கள்தான் படம். அணித் தலைவர் பிரிக்லியாக ராபர்ட் மான்ட்கோமரியும், அவருக்கு அடுத்த நிலையிலுள்ள ரஸ்டி ரயனாக ஜான் வெய்னும் நடித்திருக்கிறார்கள். பிரிக்லிக்கு மூலம் ஜான் பல்க்லி என்னும் உண்மையான லெப்டினன்ட். ரயனுக்கு மூலம் ராபர்ட் கெல்லி.

படம் திரைக்கு வந்தபோது போர் வெற்றியில் முடிந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. அந்தச் சூழலில் ஒரு தோல்வியைப் படமாக்கியதையே விமரிசகர்கள் பலரும் வியந்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. படத்தில் இரண்டு புறப்பாடுகள் வருகின்றன. முதலாவது, பிலிப்பைன்ஸில் படைகளுக்குத் தலைமை தாங்கிய தளபதி மெக்கார்தரின் புறப்பாடு. அவர் பெயரைப் படம் ஓரிடத்திலும் உச்சரிப்பதில்லை. ஆனால் துறைமுகத்தில் அவர் குடும்பத்தோடு நடந்துவரும்போது பின்னணியில் ஒலிக்கும் வீரப்பாடலின் இசையும், மாலுமிகள் அவரைப் பார்க்கும் பார்வையும், இளைஞன் ஒருவன் அவரிடம் கையெழுத்துக் கேட்பதும் கோயில் உற்சவத்துக்குரிய பக்தியோடு படமாக்கப்பட்டிருக்கின்றன. இரண்டாவது, படத்தின் முடிவில் பிரிக்லியும் ரயனும் கடைசி விமானத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும் புறப்பாடு. இதில் பக்தியும் இல்லை, பெருமிதமும் இல்லை. இருக்கை போதாமல் இருவரை இறக்கிவிடுகிறார்கள். ரயன் எழுந்து இறங்கப் பார்க்கிறான். நீ யாருக்காக வேலை செய்கிறாய், உனக்காகவா என்று பிரிக்லி கேட்டதும் மறுபடியும் உட்கார்ந்துவிடுகிறான். மூத்த மாலுமி மல்கேயின் தலைமையில் மற்றவர்கள் துப்பாக்கியோடு நடந்து போகிறார்கள்.

செயல் ஒன்றுதான். இரண்டிலும் கிளம்புகிறவர்கள் மேலிடத்து ஆணைப்படியே தம் ஆட்களை விட்டுச் செல்கிறார்கள். முதல் புறப்பாட்டை வெளியிலிருந்து வணங்கும் படம், இரண்டாவதை உள்ளிருந்து காட்டி, கிளம்புகிறவனின் கூச்சத்தைப் பார்க்கவைக்கிறது. ஃபோர்டு இதைத் திட்டமிட்டுச் செய்தாரோ இல்லையோ, இரண்டாவது காட்சியைப் பார்த்தபின் முதலாவதைப் பழைய பக்தியோடு பார்க்க என்னால் முடியவில்லை. மற்றவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கொதிகலன்:

நல்ல தொடக்கம். ஆனால் தோல்வியை நேர்மையாகச் சொன்ன படம் என்ற புகழை இதற்கு அவ்வளவு எளிதாகத் தந்துவிட முடியாது. கப்பல் இயந்திரங்களோடு பல காலம் வேலை பார்த்தவன் என்பதால், படகுகளிலிருந்தே என் ஆட்சேபத்தைத் தொடங்குகிறேன்.

மூன்றாம் அணி எனப்பட்ட அந்த ஆறு படகுகளும் எல்கோ நிறுவனம் கட்டிய 77 அடி நீளப் படகுகள். இரண்டு அடுக்கு மகோகனிப் பலகையும் இடையே பசையிட்ட துணியும்தான் அவற்றின் உடல். கவசம் என்று சொல்லத் தக்கதாக எதுவும் கிடையாது. பன்னிரண்டு உருளை கொண்ட பேக்கர்டு எஞ்சின்கள் மூன்று, விமானத்துக்குரிய 100 ஆக்டேன் பெட்ரோலை எரித்து ஏறத்தாழ 40 நாட் (மணிக்கு 40 கடல் மைல்) வேகம் தந்தன. ஆகவே அந்தப் படகில் போகிறவர்கள் பெட்ரோல் தொட்டியின் மேல் உட்கார்ந்து போர் செய்தார்கள் என்றே கொள்ளலாம். இரட்டைக் குழல் இயந்திரத் துப்பாக்கிகள் இரண்டும், 21 அங்குல டார்பிடோக்கள் நான்கும் ஆயுதங்கள். அந்த டார்பிடோக்கள் மார்க் 8 என்னும் பழைய வகை. குழாயிலிருந்து வெடிமருந்தால் உந்தித் தள்ளப்படுவதால், இருட்டில் ஏவும்போது எழும் தீப்பொறி படகு இருக்கும் இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும். இவை போதாதென்று, பிலிப்பைன்ஸில் கிடைத்த பெட்ரோலில் மெழுகு கலந்திருந்தது. அது வடிகட்டிகளையும் கார்புரேட்டரையும் அடைத்துக்கொண்டு, தாக்குதலின் நடுவிலேயே எஞ்சினை நிறுத்தியது. டிசம்பர் 10 அன்று கவீட்டே கடற்படைத் தளம் குண்டுவீச்சில் எரிந்ததால் உதிரிப் பாகங்களுக்கும் வழியில்லாமற் போயிற்று.

இத்தகைய படகு குரூசர் என்னும் பெரிய போர்க்கப்பலை மூழ்கடிப்பது எத்தனை அரிது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். படத்திலோ குரூசர் தீப்பற்றி மூழ்குகிறது. 1942 ஏப்ரல் 8 இரவு செபூ தீவின் அருகே பி.டி. 34, பி.டி. 41 (பி.டி. என்பது இவ்வகைப் படகின் சுருக்கப் பெயர்) ஆகிய இரண்டு படகுகளும் ‘குமா’ என்னும் ஜப்பானியக் குரூசரைத் தாக்கியது உண்மை. ஒரு டார்பிடோ கப்பலின் முன்பகுதியில் பட்டதும் உண்மை. ஆனால் அது வெடிக்கவில்லை. கப்பல் தன் வழியே போயிற்று. மறுநாள் காலை பி.டி. 34ஐ விமானங்கள் குண்டு போட்டு அழித்தன. வெடிக்காத டார்பிடோவைப் பற்றிப் படமெடுத்திருந்தால் அதை நேர்மையான தோல்விப் படம் என்று நானும் ஏற்பேன்.

ஜார்ஜ்டவுன்_முருகையன்:

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். அந்தக் ‘குமா’வின் முடிவு எங்கள் கடலில்தான் நேர்ந்தது என்பதை இந்த இழையில் பதிந்துவைக்கலாம். 1944 ஜனவரியில் ‘டாலி ஹோ’ என்னும் பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் அதைப் பினாங்குக்கு அருகே டார்பிடோவால் மூழ்கடித்தது. பல்க்லியின் ஆட்கள் மூழ்கடித்ததாக அமெரிக்கா நம்பிய கப்பல், அதன்பின் ஏறக்குறைய இருபது மாதங்கள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

நெய்தல்வாசகன்:

கொதிகலன் ஐயா, உங்கள் தகவல்களை மறுக்க முடியாது. ஆனால் முடிவு எனக்கு ஏற்புடையதாக இல்லை. இருட்டில், துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே, 40 நாட் வேகத்தில் திரும்பி ஓடும் படகிலிருந்து பின்னால் ஒரு பிழம்பைக் கண்டவர்கள் கப்பல் மூழ்கியதாக நம்பியது பொய் சொல்வதாகாது. அந்த நம்பிக்கையோடுதான் அவர்கள் அறிக்கை எழுதினார்கள், பதக்கமும் பெற்றார்கள். படம் அவர்கள் நம்பியதைக் காட்டுகிறது.

மேலும், படத்திலுள்ள வெற்றிகள் எதையும் ஃபோர்டு கொண்டாட விடுவதில்லை. ஒவ்வொரு தாக்குதலுக்குப் பின்னும் வரும் காட்சி மருத்துவமனையாகவோ கல்லறையாகவோ கரைதட்டிய படகாகவோ இருக்கிறது. மூழ்கிய கப்பல்களை விட்டுவிட்டு மிச்சமிருக்கும் படகுகளைத்தான் பார்ப்பவர் எண்ணிக்கொண்டு போகிறார். ஆறு, ஐந்து, நான்கு என்று குறைந்து, கடைசிப் படகும் இராணுவத்தின் தூதுப் பணிக்கென்று வண்டியில் ஏற்றப்படும்போது மாலுமிகள் காலாட்படை ஆகிவிடுகிறார்கள். டார்பிடோ வெடித்தாலும் வெடிக்காவிட்டாலும் இந்தக் கணக்கு மாறவில்லை.

வெண்திரை:

படத்தின் சண்டைக் காட்சிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இந்தப் படம் காத்திருத்தலின் படம். தொடக்கத்தில் அட்மிரல் ஒருவர் படகுகளின் சாகசங்களைப் பார்வையிட்டு, போர் வந்தால் இன்னும் கனமான ஒன்றையே தாம் விரும்புவதாகச் சொல்லிவிட்டுப் போகிறார். வெறுத்துப்போன ரயன் டெஸ்ட்ராயர் கப்பலுக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் எழுத உட்காருகிறான். அதே இரவில் பெர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கிய செய்தி வருகிறது. போர் வந்தபின்னும் அவர்களுக்குக் கிடைப்பது தபால் தூக்கும் வேலைதான். பிறகு அந்த அட்மிரலே பிரிக்லியிடம் பேஸ்பால் ஆட்டத்தை வைத்துப் பேசுகிறார். தான் ஆட்டமிழந்தாலும் இன்னொருவன் ஓடுவதற்கு வழிசெய்யும் மெல்லிய தட்டு ஒன்று அந்த ஆட்டத்தில் உண்டு. நமக்கு இடப்பட்ட வேலை அதுதான், பெரிய அடியை வேறு யாராவது அடிக்கட்டும் என்கிறார். முழங்காத குரலில், கோப்பில் கையெழுத்திடும் அதிகாரியின் தொனியில் அதைச் சொல்வதுதான் அந்தக் காட்சியின் பலம்.

படம் எடுத்தவர்கள் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். பெயர்ப் பட்டியலில் ஃபோர்டு கடற்படைக் கேப்டன் என்ற பதவியோடு குறிக்கப்படுகிறார். திரைக்கதை எழுதிய ஃபிராங்க் வீட் கடற்படை விமானியாக இருந்து, விபத்தில் நடமாட்டம் முடங்கியபின் எழுத்தாளர் ஆனவர். ஒளிப்பதிவாளர் ஜோசப் ஆகஸ்டும் கடற்படை அதிகாரி. மான்ட்கோமரி உண்மையிலேயே பசிபிக்கில் பி.டி. படகுகளில் பணியாற்றியவர், நார்மண்டிக் கரையிலும் போர்க்கப்பலில் இருந்தவர். ஃபுளோரிடாவில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது ஃபோர்டு சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொள்ள, எஞ்சிய சில காட்சிகளை மான்ட்கோமரியே இயக்கினார். அவருடைய நடிப்பில் நடிப்பு என்று சுட்டக்கூடியது ஏறக்குறைய எதுவும் இல்லை. கெட்ட செய்தியைக் கேட்கும்போது முகம் அசைவதில்லை, கண் மட்டும் ஒரு நொடி வேறெங்கோ போய் வருகிறது. போருக்கே போகாத வெய்ன், போரிலிருந்து வந்த அவர் அருகில் நிற்பது படத்துக்கு எதிர்பாராத நன்மையைச் செய்திருக்கிறது. ரயனின் பொறுமையின்மையும் வீறாப்பும், பிரிக்லியின் அமைதி முன்னால் சிறுபிள்ளைத்தனமாகத் தெரிகின்றன; அப்படித் தெரியவேண்டும் என்பதுதான் கதையின் தேவையும்.

ஆகஸ்டின் ஒளிப்பதிவுக்குத் தனி இழையே தொடங்கலாம். மணிலா விரிகுடாவிலுள்ள கொரெஹிடோர் தீவின் சுரங்க மருத்துவமனையில் குண்டுவீச்சுக்கு இடையே விளக்குகள் அணைந்தும் எரிந்தும் துடிக்க, அறுவை சிகிச்சை நிற்காமல் நடக்கும் காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜப்பானியர் ஒருவரின் முகமும் படத்தில் இல்லை என்பதை இரண்டாம் முறை பார்த்தபோதுதான் கவனித்தேன். அந்தக் காலத்துப் போர்ப்படங்களில் நிறைந்திருக்கும் வசைச் சித்திரங்கள் இதில் இல்லாமற் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

கொதிகலன்:

வெய்ன் ஏற்ற பாத்திரத்தைப் பற்றிய குறிப்புக்கு ஒரு சேர்க்கை. அந்த வீறாப்பை உண்மையான கெல்லி ரசிக்கவில்லை. தன்னைக் கட்டுப்பாடற்ற அதிகாரியாகக் காட்டித் தன் பெயருக்குக் களங்கம் விளைவித்ததாக அவர் வழக்குத் தொடர்ந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 1948இல் அவருக்கு 3,000 டாலர் இழப்பீடு வழங்கியது.

அல்லி:

வழக்கு என்று வந்துவிட்டதால் நானும் அதிலிருந்தே தொடங்குகிறேன். டோனா ரீட் நடித்த செவிலியர் சாண்டிக்கு மூலமாக இருந்த பெண்மணியும் தம்மைக் காதற்கதையின் நாயகியாக்கியதற்காக வழக்குத் தொடுத்தார். ஜூரிகள் அவருக்கு 2,90,000 டாலர் அளிக்கத் தீர்ப்புச் சொன்னார்கள். கெல்லிக்குக் கிடைத்ததோடு ஒப்பிட்டால் தொகை வியப்பளிக்கிறது.

ஆனால் நான் சொல்லவந்தது சாண்டியைப் பற்றி. அந்தப் பாத்திரம் படத்தில் மிகக் குறைந்த நேரமே வருகிறது. கையில் சீழ்பிடித்து வரும் ரயனுக்கு மருந்து வைக்கிறாள். குடிசையில் அதிகாரிகள் ஏற்பாடு செய்யும் விருந்துக்கு வருகிறாள். வாசலில் நின்று முத்துமாலையை அணிந்துகொள்கிறாள். பிறகு தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு துண்டிக்கப்படுகிறது. அதற்குப்பின் அவள் என்ன ஆனாள் என்று படம் சொல்வதில்லை. பிலிப்பைன்ஸில் சிறைப்பட்ட இராணுவ, கடற்படைச் செவிலியர்கள் எழுபதுக்கும் மேற்பட்டோர் 1945 பிப்ரவரியில் உயிரோடு மீட்கப்பட்டார்கள். படப்பிடிப்பு தொடங்கியதும் அதே பிப்ரவரியில்தான். ஆகவே அவளை உயிரோடு திருப்பிக் கொண்டுவந்து, இறுதியில் ரயனோடு சேர்த்துவைக்கத் தயாரிப்பாளர்களுக்கு வேண்டிய சாட்சியம் கையிலேயே இருந்தது. அதை அவர்கள் பயன்படுத்தவில்லை. 1942 ஏப்ரலில் ரயனுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு மட்டுமே நமக்கும் தெரிய வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். நெய்தல்வாசகன் சொல்லும் விடப்பட்டவர்கள் வரிசையில் முதற்பெயராக அவளைச் சேர்க்க வேண்டும்.

அடுத்த பெயர்கள்தான் படத்தில் இல்லை. பிலிப்பைன்ஸின் பட்டான் தீபகற்பத்தில் 1942 ஏப்ரல் 9 அன்று சரணடைந்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் பிலிப்பினோ வீரர்கள். இந்தப் படத்தில் பிலிப்பினோக்கள் மதுக்கடையில் வேலை செய்கிறார்கள், கண்ணீரோடு அமெரிக்க நாட்டுப்பற்றுப் பாடலைப் பாடுகிறார்கள், கூட்டம் கூட்டமாக நடந்து போகிறார்கள். பேசுவதற்கு அவர்களுக்கு வசனமே இல்லை என்று சொல்லிவிடலாம். படம் வெளிவந்து இரண்டு மாதம் கழிந்து, 1946 பிப்ரவரியில், அமெரிக்க நாடாளுமன்றம் அதே பிலிப்பினோ வீரர்களில் பெரும்பாலோருக்குப் போர்வீரர் சலுகைகளை மறுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. கைவிடத் தக்கவர்கள் யார் என்று கேட்கும் படம், அந்தக் கேள்வியைத் தன் நாட்டு மாலுமிகளோடு நிறுத்திக்கொண்டுவிட்டது.

வெண்திரை:

அல்லி அவர்களே, பிலிப்பினோக்களைப் பற்றிய உங்கள் குறையை ஏற்கிறேன். ஆனால் அந்தப் பாட்டுக் காட்சியை நான் இன்னொரு விதமாகப் பார்க்கிறேன். போர்ச் செய்தி வந்ததும் அமெரிக்கர்கள் மேசைகளை விட்டு எழுந்து கப்பலுக்கும் முகாமுக்கும் விரைகிறார்கள்; விடுதி காலியாகிக்கொண்டிருக்கும்போது பிலிப்பினோப் பாடகி அவர்கள் நாட்டுப் பாடலைப் பாடிக்கொண்டு அங்கேயே நிற்கிறாள். போவதற்கு அவளுக்கு வேறு இடம் இல்லை. ஃபோர்டு வசனம் தராமல் விட்டது உண்மைதான். ஆனால் அவள் முகத்தை அவசரமாகக் கடந்துபோகவும் இல்லை.

முதிய படகுக்காரர் காட்சியும் இதே வகை. ரஸ்ஸல் சிம்ப்சன் நடித்த அந்த மனிதர், தாம் கட்டிய பட்டறையை விட்டு வர மறுத்து, மடியில் துப்பாக்கியும் பக்கத்தில் மதுக் குடுவையுமாக வாசற்படியில் உட்கார்ந்துவிடுகிறார்.

அல்லி:

முகத்தைக் காட்டுவதும் பேசவிடுவதும் வேறு வேறு. அந்த முதியவருக்குத் தமது முடிவை வாயால் சொல்ல வாய்ப்புக் கிடைத்தது. பாடகிக்குப் பிறர் நாட்டுப் பாட்டு மட்டும் கிடைத்தது.

ஜார்ஜ்டவுன்_முருகையன்:

மெக்கார்தரின் பயணத்தைப் படம் மிகைப்படுத்தியிருக்கிறதா என்று அறிய விரும்புகிறேன். அறிந்தவர்கள் எழுதுங்கள்.

கொதிகலன்:

மிகைப்படுத்தவில்லை, குறைத்தே காட்டியிருக்கிறது. 1942 மார்ச் 11 இரவு நான்கு படகுகள் கொரெஹிடோர் பகுதியிலிருந்து கிளம்பின. பி.டி. 41இல் தளபதியும் மனைவியும் நான்கு வயது மகனும் இருந்தார்கள். ஜப்பானியக் கப்பல்கள் உலவிய கடலில், தேய்ந்துபோன எஞ்சின்களோடு, தெற்கே மிந்தனாவோ தீவுக்கு மார்ச் 13 காலை போய்ச் சேர்ந்தார்கள். இரவில் படகுகள் ஒன்றையொன்று தவறவிட்டன. விடியலில் பி.டி. 32இன் ஆட்கள் தம்மை நோக்கி வந்த பி.டி. 41ஐ ஜப்பானிய டெஸ்ட்ராயர் என்று எண்ணி, மேல்தளத்திலிருந்த பெட்ரோல் பீப்பாய்களைக் கடலில் தள்ளிவிட்டுச் சுடத் தயாரானார்கள். கடைசி நேரத்தில்தான் அடையாளம் தெரிந்தது. தளபதியைச் சொந்தப் படகே சுட்டிருக்கக்கூடிய இந்த நிகழ்ச்சி படத்தில் இல்லை. நெய்தல்வாசகன் சொல்லும் பக்திக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நெய்தல்வாசகன்:

இந்தத் தகவல் என் வாதத்தைக் கூர்மையாக்குகிறது. படத்தின் முதல் எழுத்துகளையும் கடைசி எழுத்துகளையும் சேர்த்துப் பாருங்கள். தொடக்கத்தில், 1945 செப்டம்பர் 2 அன்று ஜப்பான் சரணடைந்தபோது மெக்கார்தர் ஆற்றிய உரையின் பகுதி திரையில் வருகிறது. துப்பாக்கிகள் அமைதியாகிவிட்டன என்றும், பசிபிக்கின் காடுகளிலும் ஆழ்கடலிலும் என்றைக்குமாக மூடிவிட்ட உதடுகளுக்காகத் தாம் பேசுவதாகவும் அதில் அவர் சொல்கிறார். முடிவில், விமானம் மறைந்தபின், ‘நாம் திரும்பி வருவோம்’ என்னும் வாக்கு திரையில் நிற்கிறது. விடப்பட்டவர்களின் கதைக்கு முன்னட்டையும் பின்னட்டையும் போனவரின் சொற்களால் போடப்பட்டிருக்கின்றன.

இந்தக் கதையே அப்படித்தான் நமக்கு வந்து சேர்ந்தது. படத்துக்கு மூலமான நூலை வில்லியம் ஒயிட் என்னும் பத்திரிகையாளர் 1942இல் எழுதினார். பல்க்லி, கெல்லி முதலிய நான்கு அதிகாரிகள் சொல்லக் கேட்டு எழுதிய நூல் அது. நால்வருமே விமானத்தில் இடம் கிடைத்தவர்கள். விமானத்தில் ஏறாத மாலுமிகளில் பலர் அப்போது சிறைமுகாம்களிலும் மலைக்காடுகளிலும் இருந்தார்கள். அவர்களிடம் கேட்க வழியே இல்லை. எனவே இறங்கப் பார்த்துவிட்டு மறுபடியும் உட்காரும் ரயன், கதை சொன்னவர்களின் மனச்சாட்சிக்குப் படம் கொடுத்த உருவம் என்று நான் வாசிக்கிறேன். அவர்கள் ஆணையை மீறவில்லை. மீறியிருக்க வேண்டும் என்று படமும் சொல்லவில்லை. ஆனாலும் அந்த இருக்கை வசதியானதாகக் காட்டப்படவில்லை.

வெண்திரை:

ஃபோர்டுக்கும் அந்தக் கூச்சம் இருந்திருக்கலாம் என்பதற்கு ஒரு சிறு சான்று உண்டு. இந்தப் படத்துக்குக் கிடைத்த சம்பளத்தை, போரில் தம்மோடு வேலை செய்த களப் படப்பிடிப்புப் பிரிவினரும் அவர்கள் குடும்பத்தினரும் கூடுவதற்கான பண்ணை ஒன்றை வாங்கி நடத்துவதற்கே அவர் கொடுத்தார். அந்தப் பிரிவில் இறந்தவர்களுக்கு அங்கே நினைவிடமும் இருந்தது.

கொதிகலன்:

கடைசிப் படகைப் பற்றி மட்டும் சொல்லி முடிக்கிறேன். மெக்கார்தரை ஏற்றிச் சென்ற அதே பி.டி. 41ஐ, மிந்தனாவோவின் நடுவிலுள்ள லனாவோ ஏரியில் காவல் பணிக்குப் பயன்படுத்த எண்ணி, இராணுவம் மலைப்பாதையில் இழுத்துச் சென்றது. ஜப்பானியர் நெருங்கியதால் ஏரியை அடையுமுன் ஏப்ரல் நடுவில் இராணுவமே அதை அழித்தது. இந்த இடத்தில் படம் உண்மையை ஒட்டியே போகிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ‘குமா’ விஷயத்தில் என் ஆட்சேபம் அப்படியே நிற்கிறது: மாலுமிகள் 1942இல் நம்பியதைக் காட்டியது சரி என்று வாதிடலாம், ஆனால் டார்பிடோக்கள் பல வெடிக்காமற் போவது போரின் பாதியிலேயே கடற்படைக்குத் தெரிந்துவிட்டது, படத்தின் தொடக்கப் பெயர்ப் பட்டியலில் கடற்படை அதிகாரிகளின் பெயர்களே இருக்கின்றன.